வெள்ளியங்கிரி ஏறுகிறவர்களைப் படம் எடுக்க உதவி வேண்டும்

வணக்கமுங்க. கோவைப் பக்கம் வெள்ளியங்கிரி மலைக் கோயிலுக்குப் பூண்டி அடிவாரத்திலிருந்து ஏழு மலையும் ஏறி இறங்கும் சாதாரண மக்களைப் படமெடுத்து, நாலு வார்த்தை பேச வைத்துப் பதிவு செய்து வருகிறேன். போன முறை ஆண்டி சுனையில் குளித்து நடுங்கிக்கொண்டே வந்த ஒரு பெரியவர், மூங்கில் தடியில் வருசத்துக்கு ஒரு கோடு கீறி வைத்திருந்தார். அந்தத் தடியை எடுப்பதற்குள் லென்ஸில் பனி படிந்துவிட்டது. இன்னும் மனசு ஆறவில்லை.

பனிக்கு என்ன செய்வீர்கள்? மூச்சு வாங்க ஏறுகிறவர்களிடம் எந்த இடத்தில் பேச்சுக் கொடுத்தால் சங்கடப்பட மாட்டார்கள்? அப்புறம், பிப்ரவரியில் மலைப்பாதை திறந்ததும், வார நாளில் ராத்திரி என்கூட ஏறி வர ஒருத்தர் வேண்டும். வருசம் தவறாமல் ஏறும் மாமா, அப்புச்சி யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், அவர்களிடம் கேட்டுவிட்டுச் சொல்லுங்க.