மேலிடம் வாயே திறக்கவில்லை, எப்படிக் கேட்பது?

நண்பர்களே, ஒரு யோசனை வேண்டும். எங்கள் துறையே இப்போது படுத்துக் கிடக்கிறது, அது யார் தப்பும் இல்லை. ஆனால் ஆர்டர் பாதியாகி ஆறு மாதம் ஆன பிறகும் மேலிடம் ஒரு முடிவும் எடுக்காமல் "பார்க்கலாம், பொறுங்கள்" என்றே ஓட்டிக்கொண்டிருப்பதைத்தான் தாங்க முடியவில்லை. போன வாரக் கூட்டத்தில் ஒருவர் "ஆள்குறைப்பு இருக்குமா சார்?" என்று நேராகவே கேட்டார். எம்.டி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டினார், அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார். அதில் இருந்தது புது லோகோ!

இதற்கிடையே சம்பளம் 4 நாள் தாமதம், சப்ளையர்கள் பாக்கி கேட்டு எங்களுக்கே போன் செய்கிறார்கள், நல்ல ஆட்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள அவர்கள் வேலையும் எங்கள் தலையில்.

எனக்குக் கீழே ஐந்து பேர். தினமும் என் முகத்தைப் பார்க்கிறார்கள், எனக்கே ஒன்றும் தெரியாது. எத்தனை மாதத்துக்குக் கையில் பணம் இருக்கிறது, எந்தப் பிரிவை மூடப் போகிறார்கள் என்று மெயிலில் கேட்கலாம்தான், ஆனால் பட்டியலில் முதல் பெயர் என்னுடையதாகிவிடுமோ என்று பயம். வேலை தேட ஆரம்பித்துவிட்டேன், அது வேறு விஷயம்.

இப்படி மாட்டியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்: தனியாகப் போய்ப் பேசினீர்களா, சேர்ந்து போனீர்களா? அப்புறம், குழுவிடம் எவ்வளவு உண்மையைச் சொன்னீர்கள்?