பத்தா, ஒன்பதா? லகுனிடாஸைக் கிராஃப்ட் பட்டியலில் சேர்த்தவர்களுக்கு

மால்ட்மணி:
வடக்கு கலிபோர்னியாவில் பத்துக் கிராஃப்ட் பீர் ஆலைகளை, அதாவது பெரிய நிறுவனங்களைச் சாராத சின்ன ஆலைகளை, காரிலேயே சுற்றிவந்ததாக ஒரு தம்பதியர் போன வாரம் இங்கே எழுதியிருந்தார்கள். சான் பிரான்சிஸ்கோவில் கிளம்பி, பெட்டலூமா, சான்டா ரோசா, பூன்வில், ஃபோர்ட் பிராக் வழியாகச் சிக்கோவில் முடிகிற பயணம். படங்கள் அழகு. நடை சுமார். ஆனால் பட்டியலில் லகுனிடாஸ்! அந்த ஆலையின் பாதியை ஹாலந்தின் ஹைனகன் 2015இல் வாங்கியது, மீதியை 2017இல் வாங்கியது. உலகத்தின் இரண்டாவது பெரிய பீர் நிறுவனத்தின் சொத்தை "சின்ன ஆலை, சொந்தக் கைப்பக்குவம்" என்று எழுதத் தனித் துணிச்சல் வேண்டும். "அருமை, அருமை" என்று வரிசையில் நிற்பவர்களில் ஒருவருக்கும் இது உறுத்தவில்லையா? பத்து அல்ல. ஒன்பது.

பெட்டலூமா_பாலு:
வந்துவிட்டார். டோனி மகீ 1993இல் வீட்டு அடுப்பில் காய்ச்சித் தொடங்கிய ஆலை அது. சிகாகோவில் கட்டிய பெரிய ஆலையைக்கூட 2024இல் மூடிவிட்டு, உற்பத்தி முழுவதையும் பெட்டலூமாவுக்கே திருப்பிக் கொண்டுவந்தார்கள். ஒரு மெஸ்ஸை முதலாளி விற்றுவிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே மாஸ்டர், அதே அடுப்பு. மறுநாள் சாம்பார் வேறாகிவிடுமா?

மால்ட்மணி:
சாம்பாரைப் பற்றி நான் பேசவே இல்லை. கல்லாவில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்றுதான் கேட்கிறேன். 2017. முழுவதும். ஒன்பது.

பழைய_கணக்கு:
சண்டைக்கு முன்னால் ஒரு நிமிடம். அமெரிக்கச் சின்ன பீர் ஆலைகளின் சங்கமான புரூவர்ஸ் அசோசியேஷன் இதற்கு ஒரு வரையறை வைத்திருக்கிறது. ஆண்டு உற்பத்தி 60 லட்சம் பீப்பாய்க்குள் இருக்க வேண்டும். கிராஃப்ட் அல்லாத மது நிறுவனத்துக்கு 25 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு இருக்கக் கூடாது. அந்த வரையறையும் வேதவாக்கு அல்ல. முன்பு வரம்பு 20 லட்சம் பீப்பாய்தான். சாமுவேல் ஆடம்ஸ் காய்ச்சும் பாஸ்டன் பீர் நிறுவனம் அதை நெருங்கியதும் 2011இல் மூன்று மடங்காக்கினார்கள். எந்த அளவுகோலை வைத்துப் பேசுகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளலாமா?

பெட்டலூமா_பாலு:
அளவுகோல் கிடக்கட்டும். மணி அண்ணா ஒரு தடவையாவது பெட்டலூமா பக்கம் வந்திருக்கிறாரா?

மால்ட்மணி:
நீங்கள் அங்கே குடிபோவதற்கு முன்பே வந்திருக்கிறேன் பாலு. அப்போது அது விற்கப்பட்டிருக்கவில்லை.

வழித்துணைவி:
அந்தத் தம்பதியரில் மனைவி நான். எழுதியது என் கணவர், வண்டி ஓட்டியது நான். "நடை சுமார்" என்று சொன்னவர் சொந்தமாக ஒரு பயணக் கட்டுரை எழுதிக் காட்டினால் படிக்கக் காத்திருக்கிறேன். ரஷ்யன் ரிவர் ஆலையைப் பற்றி மூன்று பத்திகள் எழுதியிருந்தோம். வின்னி சிலூர்சோ காய்ச்சுகிறார், மனைவி நடாலி நிர்வாகம் பார்க்கிறார். கணவனும் மனைவியும் சேர்ந்து நடத்தும் ஆலையின் பீருக்கு உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் வந்து வரிசையில் நிற்கிறார்கள். அதைப் பற்றிப் பேச இங்கே ஒருவருக்கும் வாய் வரவில்லை. லகுனிடாஸ் மட்டும்தான் கண்ணில் பட்டதா?

மால்ட்மணி:
சகோதரி, ரஷ்யன் ரிவர் மீது எனக்கு வழக்கே இல்லை. 1997இல் அதைத் தொடங்கியது கோர்பெல் என்ற ஷாம்பெய்ன் நிறுவனம். 2003இல் சிலூர்சோ தம்பதியர் அதைத் தங்களுடையதாக்கிக்கொண்டு, மறு ஆண்டு சான்டா ரோசாவில் கடை திறந்தார்கள். பெரிய கையிலிருந்து சின்னக் கைக்கு வந்த ஆலை. நீங்கள் பெருமையோடு படம் போட்ட இன்னொன்று நேர் எதிர்த்திசையில் போனது. எது என்று நான் மறுபடியும் சொல்ல வேண்டியதில்லை. லகுனிடாஸ்.

வழித்துணைவி:
சகோதரி என்று அழைத்துவிட்டுத்தான் குத்த வேண்டுமா?

கட்டைவண்டி:
எல்லோரும் ஹாலந்துக்காரனைத் திட்டுகிறீர்கள், நம் ஊர்க்காரரை மறந்துவிட்டீர்கள். இவர்கள் ஹாப்லாண்டில் ஒரு பழைய கட்டடத்தின் முன்னால் நின்று படம் எடுத்திருக்கிறார்களே, அது மென்டொசினோ புரூயிங் கம்பெனி 1983இல் திறந்த இடம். மதுவிலக்குக் காலத்துக்குப் பிறகு கலிபோர்னியாவில் தானே காய்ச்சித் தானே பரிமாறிய முதல் கடை. 1997இல் அந்தக் கம்பெனி விஜய் மல்லையாவின் யுபி குழுமத்தின் கைக்குப் போனது. கிங்ஃபிஷரையும் அதன் ஆலையில் காய்ச்சினார்கள். 2018இல் மூடப்பட்டது. இத்தனை ஆண்டுகள் நம்மில் யாராவது "இது கிராஃப்ட் இல்லை" என்று ஒரு வரி எழுதினோமா?

மால்ட்மணி:
மல்லையா விவகாரத்துக்குத் தனி இழை தொடங்குங்கள். ஆனால் மூடிய கட்டடமும் பத்தில் ஒன்றா? அப்படியென்றால் எட்டு!

வழித்துணைவி:
சேர்க்கவில்லை. ஹாப்லாண்டும் கணக்கில் இல்லை, சான் பிரான்சிஸ்கோவில் பூட்டிக் கிடந்த ஆங்கரும் கணக்கில் இல்லை. கட்டுரையின் முதல் பத்தியிலேயே எழுதியிருக்கிறோம். படித்துவிட்டுச் சண்டைக்கு வரலாம்.

மால்ட்மணி:
சரி, ஒன்பதாகவே இருக்கட்டும்.

பெட்டலூமா_பாலு:
ஆங்கர் என்றதும் ஞாபகம் வருகிறது. அதை 2017இல் சப்போரோ வாங்கியது. 2023இல் மூடப்போவதாக அறிவித்த அன்று, "கிராஃப்ட் பீரின் தாய்வீடு போயிற்று" என்று இங்கே நீண்ட இரங்கற்பா எழுதியவர் யார்? மணி அண்ணாதான். ஜப்பான் நிறுவனத்தின் கையில் ஆறு ஆண்டுகள் இருந்த ஆலை தாய்வீடாம், ஹாலந்து நிறுவனத்தின் கையில் இருப்பது மட்டும் திருட்டுச் சொத்தாம்.

மால்ட்மணி:
நான் அழுதது 1965இல் ஃபிரிட்ஸ் மேடாக் வாங்கிக் காப்பாற்றிய ஆலைக்காக. சப்போரோவுக்காக அல்ல. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவரிடம் என்ன பேசுவது? பேச்சைத் திருப்ப வேண்டாம். லகுனிடாஸுக்கு வாருங்கள்.

பழைய_கணக்கு:
ஒரு கேள்வி. சான் டியாகோவின் பாலஸ்ட் பாயின்ட் ஆலையை 2015இல் கான்ஸ்டலேஷன் என்ற பெரிய மது நிறுவனம் 100 கோடி டாலருக்கு வாங்கியது. 2019இல் ஒரு சின்ன ஆலைக்கு விற்றுவிட்டது. இடைப்பட்ட காலத்தில் அது கிராஃப்ட் இல்லையா? கையெழுத்தான மறுநாளே மறுபடியும் கிராஃப்ட் ஆகிவிட்டதா?

தேன்மொழி_சாக்ரமென்டோ:
எனக்கு வேறு கவலை. ஒரே நாளில் இரண்டு மூன்று ஆலைகள் என்று எழுதியிருக்கிறார்கள். ஓட்டியவர் குடித்தாரா? இங்கே இரத்தத்தில் 0.08 சதவீதம் தொட்டால் கைவிலங்குதான். ரஷ்யன் ரிவரின் பிளைனி தி எல்டர் பீர் 8 சதவீத ஆல்கஹால். அது மோர் அல்ல.

வழித்துணைவி:
ஒவ்வொரு இடத்திலும் நான் ஒரு மிடறு சுவைத்தேன், மீதி அவருக்கு. அதனால்தான் கட்டுரையில் ஊர்ப் பெயர்களெல்லாம் சரியாக இருக்கின்றன, நான் திருத்தினேன்.

மால்ட்மணி:
ஒரு மிடறு சுவைத்து ஆலையை மதிப்பிட்டிருக்கிறார்கள் என்பதையும் குறித்துக்கொள்கிறேன்.

தேன்மொழி_சாக்ரமென்டோ:
ஐயா, குடித்தாலும் குற்றம், குடிக்காவிட்டாலும் குற்றமா?

சிக்கோக்காரர்:
எங்கள் ஊர் சியரா நெவாடா ஆலையைக் கட்டுரையின் கடைசியில் நான்கே வரிகளில் முடித்ததுதான் உண்மையான அநியாயம். கென் கிராஸ்மேனும் பால் காமூசியும் பால் பண்ணைகளில் கழித்துப் போட்ட தொட்டிகளை வாங்கிவந்து பற்றவைத்து, 1980இல் காய்ச்சத் தொடங்கினார்கள். பீருக்கு மணமும் கசப்பும் தரும் ஹாப்ஸ் பூவில் கேஸ்கேட் என்ற வகையின் மணத்தை நாடு முழுவதும் பழக்கியது அவர்களுடைய பேல் ஏல் பீர். வட கரோலினாவில் இரண்டாவது ஆலை கட்டிய பிறகும் குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது. எல்லாம் இங்கிருந்து தொடங்கியது.

கட்டைவண்டி:
தொடங்கியது சோனோமாவில். ஜாக் மெக்காலிஃப் 1976இல் நியூ ஆல்பியனைத் தொடங்கினார். அமெரிக்கக் கடற்படையில் ஸ்காட்லாந்தில் வேலை பார்த்தபோது பிடித்த பீர்ப் பைத்தியம். ஆறே ஆண்டுகளில் கடை படுத்துவிட்டது. அங்கே வேலை பார்த்தவர்கள்தான் ஹாப்லாண்டில் போய்க் காய்ச்சினார்கள். சிக்கோக்காரருக்கு வரலாறு சிக்கோ எல்லையில் ஆரம்பிக்கிறது.

சிக்கோக்காரர்:
படுத்துப்போன கடையை முதல் என்று கொண்டாடுங்கள். நாங்கள் நிற்கிறோம்.

மால்ட்மணி:
நின்றதும் படுத்ததும் இருக்கட்டும், இரண்டும் விலைபோகவில்லை. 2017இல் புரூவர்ஸ் அசோசியேஷன் தலைகீழ் பாட்டில் முத்திரை ஒன்றைக் கொண்டுவந்தது. சுதந்திரமான ஆலைகள் மட்டுமே அதைப் பாட்டிலில் அச்சிடலாம். லகுனிடாஸ் பாட்டிலில் அதைக் காட்டுங்கள், நான் இந்த இழையை விட்டுப் போய்விடுகிறேன்.

பழைய_கணக்கு:
அந்த முத்திரையின் அடிப்படையே நான் மேலே சொன்ன 25 சதவீத வரையறைதான். அப்போது யாரும் காதில் வாங்கவில்லை.

பெட்டலூமா_பாலு:
மணி அண்ணா விட்டுப் போவதாவது! டிகிரி காபியில் சிக்கரி சேர்க்கலாமா என்ற விவாதத்தில் நிர்வாகி பூட்டுப் போடும்வரை எழுதியவர் அல்லவா? பூட்டிய பிறகும் எனக்குத் தனிச் செய்தி அனுப்பினார்.

மால்ட்மணி:
சிக்கரி விஷயத்திலும் நான் சொன்னதுதான் சரி. தனிச் செய்திக்கு நீங்கள் இன்னும் பதில் அனுப்பவில்லை.

தேன்மொழி_சாக்ரமென்டோ:
நாங்களும் இந்தப் பயணம் போக நினைக்கிறோம். ஃபோர்ட் பிராக்கிலிருந்து சிக்கோவுக்கு எந்த வழி?

வழித்துணைவி:
20ஆம் நெடுஞ்சாலை. வில்லிட்ஸ்வரை காட்டுக்குள் வளைவுமேல் வளைவு. காலைச் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்தைய பகுதியில், யுகையாவிலிருந்து 253 பிடித்துப் பூன்வில் போனோம்.

மால்ட்மணி:
அது சுற்று. குளோவர்டேலிலேயே 128இல் திரும்பியிருக்க வேண்டும்.

வழித்துணைவி:
திரும்பியிருந்தால் ஹாப்லாண்டைப் பார்த்திருக்க முடியாது ஐயா. அது குளோவர்டேலுக்கு வடக்கே இருக்கிறது. வண்டி ஓட்டியவளிடம் வழி சொல்லாதீர்கள்.

மால்ட்மணி:
மூடிய கடையைப் பார்க்க மலை ஏறி இறங்கியது உங்கள் விருப்பம்.

கட்டைவண்டி:
நான் போன வருடம் வாங்கிவந்த பிளைனி பாட்டில் ஒன்றைக் குளிர்சாதனப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறேன். யாராவது வீட்டுக்கு வந்தால் திறக்கலாம்.

பெட்டலூமா_பாலு:
போன வருடமா? வாங்கியதும் குடியுங்கள், சேமித்து வைக்காதீர்கள் என்று அந்தப் பாட்டிலிலேயே அச்சடித்திருக்கிறார்களே!

சிக்கோக்காரர்:
ஹாப்ஸ் மணம் எப்போதோ போயிருக்கும். கசப்பு மட்டும் மிச்சம் இருக்கும்.

மால்ட்மணி:
முதல் முறையாகப் பாலு ஒரு சரியான தகவலைச் சொல்லியிருக்கிறார். ஆனால் அப்படியே கொட்டிவிடாதீர்கள். என்ன ஆகியிருக்கிறது என்று சுவைத்துப் பார்க்க வேண்டும். சனிக்கிழமை எனக்கு வசதிப்படும்.

கட்டைவண்டி:
உங்களைக் கூப்பிடவில்லையே.