ஜாய்ஸ்டிக் தானாக இழுப்பதற்குத் தமிழில் என்ன சொல்?

எழுதியவர்: கையேட்டை மொழிபெயர்ப்பவர்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

ஒரு கையடக்க விளையாட்டுக் கருவியின் பழுதுநீக்கும் கையேட்டையும் அதன் அமைப்புத் திரைகளையும் தமிழாக்கி வருகிறேன். வெள்ளி மாலைக்குள் கோப்பை ஒப்படைக்க வேண்டும். மற்றதெல்லாம் முடிந்தது. ஜாய்ஸ்டிக்கைச் சரிசெய்யும் அதிகாரத்தில்தான் நிற்கிறேன்.

மூன்று சொற்கள் வேண்டும். கட்டைவிரலால் தள்ளும் அந்தச் சிறு தண்டுக்கு ஒன்று. யாரும் தொடாதபோதே திரையில் ஆள் ஒரு பக்கமாக நடக்கத் தொடங்குகிறதே, அந்த 'டிரிஃப்ட்' பழுதுக்கு ஒன்று. நடுவில் இவ்வளவு அசைவைக் கணக்கில் எடுக்காதே என்று கருவிக்குச் சொல்லும் 'டெட் ஸோன்' அளவுக்கு ஒன்று. பழைய கோப்பில் 'பெருவிரல் இயக்குபிடி நகர்வு' என்று இருக்கிறது. கணினி எண்ணும் கணக்கில் அது 27 இடம். திரையில் இருப்பதோ 24. வால் வெட்டுப்பட்டு 'பெருவிரல் இயக்குபிடி நகர' என்று நிற்கிறது. டெட் ஸோனுக்கு 'மரண மண்டலம்'. அதைத் தொடவே பயனர் அஞ்சுவார்.

என் கருவியிலும் இதே பழுது வந்ததால் திறந்து பார்த்தேன். உள்ளே கரிப்பூச்சு பூசிய மெல்லிய தடம். அதன்மேல் உரசிப் போகும் சிறு உலோக நாக்கு. இடவலத்துக்கு ஓர் இணை, மேல்கீழுக்கு ஓர் இணை. உரசி உரசிக் கரி தேய்கிறது, தேய்ந்த பொடி அங்கேயே கிடக்கிறது. கருவி மெலிதாக இருக்க வேண்டுமென்று இந்தப் பகுதியைத் தட்டையாக்கியவர்கள், தூசு புகாமல் ஒரு நல்ல மூடி வைக்க நினைக்கவில்லை. தொடுமுனை துப்புரவு மருந்தை அடித்தேன். மூன்று வாரம் நன்றாக இருந்தது, பிறகு பழையபடி. கடைசியில் தண்டுப்பகுதியையே மாற்றினேன். இதைப் படித்துச் செய்யப்போகிறவர் தடுமாறாத சொல் வேண்டும்.

எழுதியவர்: கருவிகள் பழுதுபார்ப்பவர்

இதுக்கு எதுக்குங்க புதுச்சொல்? வேலைக்கு வர்றவங்க எல்லாரும் சொல்றது ஒண்ணுதான்: "ஸ்டிக் இழுக்குது." வண்டி ஒரு பக்கமா இழுக்குதுன்னு சொல்ற அதே இழுப்பு. சின்னப் பையன்கூட இதைத்தான் சொல்றான். 'இழுப்பு'ன்னு போடுங்க, புரியாதவங்க யாரும் இருக்க மாட்டாங்க.

கையேட்டுல இதையும் சேருங்க. துப்புரவு மருந்து அடிச்ச உடனே பேட்டரிய மாட்டக் கூடாது, நல்லா உலரணும். நாடாக் கம்பியப் பிடிச்சிருக்கிற கொக்கி ரொம்ப மெல்லிசு. அதை நகத்தால நிமிர்த்தணும், இழுத்தா உடைஞ்சிடும். பாதிப் பேர் ஸ்டிக்க சரிபண்ணப் போய் கொக்கிய உடைச்சுட்டு வர்றாங்க.

எழுதியவர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

மொழிபெயர்ப்பாளருக்கு வாழ்த்து.

'இழுப்பு' என்றதும் நம் மக்களுக்கு நினைவில் வருவது மூச்சிரைப்பு நோய். கருவிக்கு நோயின் பெயர் வேண்டாம். நம்மிடம் இதற்கென்றே பிறந்ததுபோல ஒரு சொல் உண்டு. ஜாய்ஸ்டிக் என்பது ஒரு கோல். செங்கோல், துலாக்கோல், எழுதுகோல், நெம்புகோல் என்று கோலால் ஆன கூட்டுச்சொற்கள் நம்மிடம் எத்தனை! கோல் ஒரு பக்கம் சாய்வதற்கு வினை 'கோடுதல்'. "சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல் அமைந்தொருபால் கோடாமை" என்பது குறள் 118. "கோல்கோடிச் சூழாது செய்யும் அரசு" என்பது குறள் 554. ஒருபால் கோடாமல் நடுவில் நிற்பதுதானே ஜாய்ஸ்டிக்கின் கடமை? ஆகவே பழுதுக்குப் பெயர் கோற்கோட்டம். ஆறே எழுத்து, கணினிக் கணக்கில் 11 இடம்.

எழுதியவர்: இயற்பியல் ஆசிரியை

ஐயா, சொல் அழகு. ஆனால் ஒரு தடை இருக்கிறது. இந்தப் பழுதில் கோல் கோடுவதே இல்லை. வில் அதை நேராகத்தான் நிறுத்துகிறது. கோடுவது அளவீடு.

3.3 வோல்ட் கொடுத்தால், நாக்கு தடத்தின் நடுவில் நிற்கும்போது 1.65 வோல்ட் வரவேண்டும். கருவி இதை 12 பிட்டில் அளந்தால் 0 முதல் 4095 வரை எண் கிடைக்கும். நடு 2048 அருகே. தடம் தேய்ந்துவிட்டால் கோல் அசையாமல் நிற்கும்போதே 2300 என்று வரலாம். கருவியோ விரல் தள்ளுகிறது என்று நம்பி ஆளை நடத்துகிறது. 'கோற்கோட்டம்' என்று படிக்கும் பயனர், தண்டு வளைந்துவிட்டதென்று எண்ணி அதை நிமிர்த்தப் பார்ப்பார். என் மாணவன் ஒருவன் அப்படித்தான் தண்டை ஒடித்தான். பழுது எங்கே இல்லையோ அங்கே கையை வைக்கச் சொல்லும் பெயர் வேண்டாம். நான் சொல்வது பொய்ச்சாய்வு.

இன்னொன்று. கையேட்டில் அந்தத் தடமும் நாக்கும் சேர்ந்த பகுதியை 'மின்னழுத்தமானி' என்று எழுதிவிடாதீர்கள். பாடநூலில் அது மின்னழுத்தங்களை ஒப்பிட்டு அளக்கும் நீளக்கம்பிக் கருவி. இங்கே அளப்பது எதுவும் இல்லை, இது மாறுமின்தடை.

எழுதியவர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

அம்மையீர், நீங்கள் மறுத்ததாக நினைத்து என் சொல்லை நிறைவாக்கிவிட்டீர்கள். வெளியே கோல் செப்பமாக நிற்கிறது, உள்ளே கோடியிருக்கிறது. அடுத்த குறளைப் பாருங்கள், 119: "சொற்கோட்டம் இல்லது செப்பம் ஒருதலையா உட்கோட்டம் இன்மை பெறின்." உட்கோட்டம்! புறத்தில் நேர்மை, அகத்தில் கோணல். உங்கள் 2300 என்ற எண்ணுக்கு இதைவிடப் பொருந்தும் சொல் எந்த மொழியிலும் இராது. 'கோற்கோட்ட'த்தை மகிழ்ச்சியோடு திரும்பப் பெறுகிறேன்.

எழுதியவர்: சங்க இலக்கிய வாசகர்

இடையில் ஒரு சொல். ஆங்கிலத்தில் 'டிரிஃப்ட்' என்ற சொல்லின் அடிப்பொருள் நீரோட்டத்தில் அடித்துச் செல்லப்படுவது. புறநானூறு 192இல் "நீர்வழிப் படூஉம் புணைபோல்" என்று அந்தக் காட்சியே இருக்கிறது. 'வழிப்படல்' என்றோ 'புணையோட்டம்' என்றோ எண்ணிப் பார்க்கலாமே? புணை என்பது புணைக்கப்பட்ட மரங்கள், பிணை என்பதோடு உறவுடையது. புணைக்கும் பிணைக்கும் புணர்ச்சிக்கும்…

எழுதியவர்: இயற்பியல் ஆசிரியை

புணையை நீர் இழுக்கிறது, ஐயா. இங்கே நீரும் இல்லை, புணையும் இல்லை. மற்றமொழிக்காரர் பார்த்த உவமையை நாமும் சுமக்க வேண்டியதில்லை. நாம் பழுதைப் பார்த்தே பெயர் வைக்கலாம்.

எழுதியவர்: மென்பொருள் தமிழாக்கத்தில் இருப்பவர்

உட்கோட்டம் மனத்தைத் தொட்டது. ஆனால் இன்று 'கோட்டம்' என்றால் நிர்வாகப் பிரிவு என்றுதான் வாசகர் எடுத்துக்கொள்வார். உட்கோட்டம் அதிலும் ஒரு சிறு பிரிவு. காவல்துறை உட்கோட்டம் என்று நாள்தோறும் செய்தியில் வருகிறது. அமைப்புத் திரையில் அதைக் கண்டால் கருவிக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று திகைப்பார்.

தண்டுக்கு முதலில் முடிவு காண்போம். கோல் என்றால் நீளம் வேண்டும். இது சுண்டுவிரல் நகத்தளவு உயரம்கூட இல்லை, மேலே விரல் படியும் வட்டத் தலை. இதைப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது குமிழ். மரத்தாலான பாதக்குறட்டில் கால் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே நிற்பதும் குமிழ்தான். பெருவிரலுக்கும் குமிழுக்கும் உறவு நமக்குப் புதிதல்ல. ஆனால் வானொலியின் திருகுகுமிழும் குமிழ் என்பதால் அடைமொழி தேவை: 'சாய்க்குமிழ்'.

எழுதியவர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

குமிழுக்கு உடன்படுகிறேன். பாதக்குறடு நல்ல சான்று. ஒற்று மட்டும் மிகாது. சாய்ந்த, சாய்கின்ற, சாயும் குமிழ் என மூன்று காலமும் தொக்கு நிற்பதால் வினைத்தொகை. ஊறுகாய், சுடுகாடு போல சாய்குமிழ் என்றே எழுதுக.

எழுதியவர்: கருவிகள் பழுதுபார்ப்பவர்

சாய்குமிழ் நல்லாருக்கு. வாயில ஒட்டுது. ஆனா பழுதுக்கு இன்னும் 'இழுக்குது'தான் என் வாக்கு. பொய்ச்சாய்வுன்னா, எதை பொய்யா சாய்ச்சோம்னு கேப்பாங்க.

காந்தத்துல வேலை செய்யற குமிழ் இப்ப தனியா கிடைக்குது. அதுல உரசறதே இல்லை, தேயறதுக்கும் ஒண்ணுமில்லை. பழசை எடுத்துட்டு அதைப் போட்டா இந்தத் தொல்லை முடிஞ்சது. கையேட்டுல அதையும் எழுதுங்க.

எழுதியவர்: கையேட்டை மொழிபெயர்ப்பவர்

எழுதியிருக்கிறேன். அங்கேயும் ஒரு சிக்கல்: பழைய கோப்பில் 'கூட விளைவு உணரி' என்று இருக்கிறது. ஹால் என்பதைக் கூடம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்! மின்னோட்டம் பாயும் கடத்தியில் காந்தம் குறுக்கே மின்னழுத்தத்தை உண்டாக்கும் விளைவு இது; அதை 1879இல் கண்ட எட்வின் ஹாலின் பெயர் அது. 'ஹால் விளைவு உணரி' என்று மாற்றினேன்.

எழுதியவர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

"வடஎழுத்து ஒரீஇ", அதாவது வடமொழி எழுத்தை விலக்கி, என்றார் தொல்காப்பியர். 'ஆல் விளைவு' என்று எழுதலாகாதா?

எழுதியவர்: இயற்பியல் ஆசிரியை

ஆல் என்றால் மரம், ஐயா. கூடத்திலிருந்து மீட்ட மனிதரை ஆலமரத்தில் ஏற்ற வேண்டாம். பாடநூலில் ஹால் விளைவு என்றே படித்து வந்த பிள்ளைகள் இதைப் படிக்கப்போகிறார்கள். நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

காந்தக் குமிழ் நேற்று வந்ததும் அல்ல. செகா நிறுவனம் 1996இலேயே தன் சாட்டர்ன் கருவியின் ஒரு கைப்பிடியில் காந்தத்தை வைத்தது. தேயாத வழி அப்போதே தெரிந்திருந்தும் தேயும் வழியை இன்னும் செய்து விற்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

எழுதியவர்: மென்பொருள் தமிழாக்கத்தில் இருப்பவர்

இழுப்புக்கு நோய்ப்பொருள் தடை என்றால் முன்னால் 'தான்' சேர்ப்போம். தானே இழுக்கிறது, யாரும் தள்ளவில்லை என்ற செய்தியும் அதில் வந்துவிடும். 'தன்னிழுப்பு'?

எழுதியவர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

தன்னிழுப்பு என்றால் தன்னை இழுத்தல். தன்னாட்சி தன்னை ஆளுதல் ஆவதுபோல. இங்கே எழுவாய்ப் பொருள். 'தானியங்கி'யில் தான் குறுகாமல் நிற்பதுபோல தானிழுப்பு என்றே வரும். இலக்கணம் சொன்னேன், சொல்லை ஏற்றேன் என்று கொள்ளற்க.

எழுதியவர்: கையேட்டை மொழிபெயர்ப்பவர்

வியாழன் இரவு ஆகிவிட்டது. இதுவரை வந்த மடல்களின்படி தானிழுப்புக்கு நால்வர், பொய்ச்சாய்வுக்கு இருவர், உட்கோட்டத்துக்கு ஒருவர். கோப்பில் இப்படி இட்டுவிட்டேன்: தண்டுக்குச் சாய்குமிழ், பழுதுக்குத் தானிழுப்பு. இரண்டும் சேர்ந்து 21 இடம், வெட்டுப்படவில்லை. டெட் ஸோனுக்கு யாரும் சண்டையிடாததால் நானே 'உணராவட்டம்' என்று வைத்தேன். அதன் கீழே ஒரு வரி சேர்த்தேன்: "வட்டத்தைப் பெரிதாக்கினால் தானிழுப்பு மறையும், ஆனால் மெல்லிய அசைவுகளும் உணரப்படா, தேய்மானம் நிற்காது." அளவுதிருத்தம் என்ற பக்கத்திலும் இதையே சொல்லியிருக்கிறேன். எண்ணை நடுவுக்குக் கொண்டுவந்தாலும் கரித்தடம் மறுபடி வளராது.

பொய்ச்சாய்வைப் பழுதின் காரணத்தை விளக்கும் பத்தியில் ஒருமுறை பயன்படுத்தினேன். ஆசிரியை மன்னிக்க வேண்டும்.

எழுதியவர்: இயற்பியல் ஆசிரியை

அந்தப் பத்தியில் இருந்தால் போதும். தண்டை நிமிர்த்த முயலாதீர்கள் என்று தடித்த எழுத்தில் போட்டீர்களா?

எழுதியவர்: கையேட்டை மொழிபெயர்ப்பவர்

முதல் வரியே அதுதான்.

எழுதியவர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

பெரும்பான்மைக்கு வணக்கம். "பழையன கழிதலும் புதியன புகுதலும் வழுவல" என்று நன்னூல் சொல்லக் கற்பித்தவன்தான் நான். ஆயினும் உட்கோட்டத்தை நான் கழிக்கவில்லை. அடுத்த பதிப்பு வரும்போது மீண்டும் எழுதுவேன். சொல்லடைவில் 'தானிழுப்பு: உட்கோட்டம் என்றும் கூறுவர்' என ஒரு வரிக்கு இடமுண்டா?

எழுதியவர்: கையேட்டை மொழிபெயர்ப்பவர்

சொல்லடைவில் இட எல்லை இல்லை, ஐயா. சேர்த்துவிட்டேன்.