மழைக்காலத்தில் நைட்ரோ ஓடுமா?

வணக்கம் நண்பர்களே. ஜூலையில் மும்பைக்கும் புனேவுக்கும் நடுவே, கோபோலியில் உள்ள இமேஜிகா கேளிக்கைப் பூங்காவுக்குப் போகிறேன். அங்கே 2013-இல் வந்த நைட்ரோ என்ற ரோலர் கோஸ்டருக்காகவே இந்தப் பயணம். கிளம்பும்போது காலடித் தளம் விலகிவிடும். கால்கள் அந்தரத்தில் தொங்க, ஐந்து முறை தலைகீழாகப் புரட்டும். எத்தனை வருட ஆசை!

பயமெல்லாம் மழைதான். போன வருடம் வேறொரு பூங்காவில் இடி மின்னல் என்று பெரிய ராட்டினங்களை நிறுத்திவிட்டார்கள். பாதுகாப்புக்குத்தான், சரி. ஆனாலும் ஒரு சுற்றுகூடப் போகாமல் திரும்பியது இன்னும் மனதில் நிற்கிறது.

மழைக்காலத்தில் போனவர்கள் சொல்லுங்கள்: தூறலில் நைட்ரோவை ஓட்டுவார்களா? மழை விட்டதும் எவ்வளவு நேரத்தில் திறப்பார்கள்? முன்வரிசை, கடைசி வரிசை இரண்டிலும் உட்கார வேண்டும். வார நாளில் முடியுமா? அப்புறம், மூக்குக்கண்ணாடியைப் பட்டை கட்டிப் போட்டுக்கொண்டால் ஏற விடுவார்களா?