கோதுமைப் பசையத்தை முதன்மைப் புரதமாகக் கொள்ளலாமா?

பாக்நீரிணை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மண்டபத்தில் வசிக்கிறேன், எடை 65 கிலோ. மீன், முட்டை, பால் அனைத்தையும் விட்டு முழு வீகன் உணவுக்கு மாறிய பிறகும் உடற்பயிற்சிக் கூடத்தில் எடை தூக்குவதைத் தொடர்ந்து வருகிறேன். உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் என்ற கணக்கில் எனக்கு நாளொன்றுக்கு 104 கிராம் வேண்டியிருக்கிறது. படகிலிருந்து இறங்கிய மீன் அப்படியே வீட்டு வாசலுக்கு வரும் ஊரில் இருந்துகொண்டு, இவ்வளவு புரதத்தை எங்கிருந்து திரட்டுவாய் என்று அம்மா கேட்கிறார். அந்தக் கவலை நியாயமானது என்பதால் முறையான பதிலைத் தேடுகிறேன்.

கோதுமை மாவிலிருந்து மாவுச்சத்தைக் கழுவி நீக்கினால் எஞ்சும் ஒட்டும் புரதமே பசையம். ‘வைட்டல் வீட் குளூட்டன்’ என்ற பெயரில் விற்கும் கோதுமைப் பசைய மாவில் 100 கிராமுக்கு 75 கிராம் புரதம் இருப்பதாகப் பொட்டலத்தில் போட்டிருக்கிறது. நாள்தோறும் 100 கிராம் மாவை இறைச்சி போலச் சமைத்து உண்டால் பெரும்பங்கு தேறிவிடும் அல்லவா? கடை மாவிலிருந்து வீட்டிலேயே இதைப் பிரித்தெடுக்க முடியுமா? அப்பாவுக்குச் சர்க்கரை நோய் இருப்பதால், அவரும் இதை உண்ணலாமா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

தொண்டிக்காரன் எழுதியது:

தம்பி, அளவைப் பொறுத்தவரை உங்கள் கணக்கு சரி. ஆனால் புரதத்தின் தரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நம் உடலால் தானே உருவாக்கிக்கொள்ள முடியாத அமினோ அமிலங்களில் ஒன்றான லைசின், கோதுமைப் பசையத்தில் மிகவும் குறைவு. வளர்ந்தவர்கள் உண்ணும் புரதத்தில் கிராமுக்கு 45 மில்லிகிராம் லைசின் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட அளவுகோல். பசையத்தில் அது 20 மில்லிகிராமைக்கூட எட்டுவதில்லை. அதே அளவுகோலின்படி கிலோவுக்கு 30 மில்லிகிராம் என்று வைத்தால், உங்களுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 2 கிராம் லைசின் தேவை. நீங்கள் சொல்லும் 100 கிராம் மாவு ஒன்றரை கிராமைத் தாண்டாது. லைசின் பற்றாக்குறையாக இருக்கும்போது, மற்ற அமினோ அமிலங்கள் எவ்வளவு உள்ளே போனாலும் அவற்றில் ஒரு பகுதி தசையாக மாறாமல் எரிபொருளாகவே செலவாகிவிடும்.

இதற்காகப் பசையத்தை ஒதுக்க வேண்டியதில்லை. அதற்குப் பக்கத்தில் பருப்பை உட்கார வைத்தால் போதும். துவரை, உளுந்து, பாசிப்பயறு, கொள்ளு ஆகிய எல்லாவற்றிலும் லைசின் தாராளமாக இருக்கிறது. பசைய மாவை 40 கிராமாகக் குறைத்தால் 30 கிராம் புரதம் கிடைக்கும். அதனுடன் 50 கிராம் மீல் மேக்கர் 26 கிராமும், 100 கிராம் கொள்ளு அல்லது பருப்பு 22 கிராமும் தரும். மீதியைச் சோறும் மற்ற உணவுகளும் நிரப்பிவிடும். லைசினும் 3 கிராமுக்கு மேல் வந்துவிடும். இவற்றை ஒரே வேளையில் உண்ண வேண்டும் என்பதில்லை; காலையில் சுண்டலும் இரவில் பசையமும் என்றாலும் உடல் அந்த நாளுக்குள் சேர்த்துக்கொள்ளும். நிலக்கடலை நல்ல உணவுதான். ஆனால் லைசினில் அதுவும் பின்தங்கியதே என்பதால் இந்தக் குறையை அதை வைத்து ஈடுகட்ட நினைக்காதீர்கள்.

கீழக்கரை அடுப்படி எழுதியது:

வீட்டில் பிரித்தெடுப்பது எளிது, தம்பி. சம்பா கோதுமையை ஊறவைத்து அரைத்து அல்வாவுக்குப் பால் எடுத்த பிறகு நாம் எறிந்துவிடும் சக்கையில், தவிட்டோடு கலந்து கிடப்பது இந்தப் பசையமே. தனியாக எடுக்க மைதா வசதி. முழுக் கோதுமை மாவில் தவிடு இடையில் நின்று பசையை அறுத்துவிடும். மாவைச் சப்பாத்திக்குப் பிசைவதைவிடக் கெட்டியாகப் பிசைந்து, தண்ணீரில் மூழ்க வைத்து ஒரு மணி நேரம் விடுங்கள். பிறகு அந்தத் தண்ணீருக்குள்ளேயே கசக்கினால் முதல் தண்ணீர் பால்போல வெளுக்கும். உருண்டை உதிர்ந்து கரைந்துவிடும் போலத் தோன்றும், அந்த நேரத்தில் பயந்து விட்டுவிடக் கூடாது. வடிதட்டில் ஏந்தித் தண்ணீரை மாற்றி மாற்றிக் கசக்கினால், சிதறியவை எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, இழுத்தால் நீளும் மங்கலான மஞ்சள் உருண்டையாகத் திரளும்.

ஆனால் குடத்துக்குக் காசு கொடுத்து நல்ல தண்ணீர் வாங்கும் நம் கரையில் இதை நாள்தோறும் செய்வது கட்டாது என்பதே என் எண்ணம். செய்தால், கழுவிய தண்ணீரை ஒரு பாத்திரத்தில் தெளியவிட்டு, அடியில் படியும் மாவை அல்வாவுக்கோ கஞ்சிக்கோ எடுத்துக்கொண்டு, மேல் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுங்கள். மற்ற நாள்களுக்குப் பொட்டல மாவே நல்லது. அந்த மாவு மூன்று பங்குக்குப் பொட்டுக்கடலை மாவு ஒரு பங்கு சேர்த்து, சீரகம், பூண்டு, உப்புடன் பிசைந்து, துணியில் சுற்றி இட்லிப் பானையில் முக்கால் மணி நேரம் ஆவியில் வேக வையுங்கள். கொதிக்கும் நீரில் போட்டால் பஞ்சுபோல ஊதிவிடும். ஆறிய பிறகு துண்டுபோட்டு, 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் முண்டு மிளகாயை அரைத்துச் சுக்கா போல வறுத்தால், கறி உண்டவர்களும் விரும்பி எடுப்பார்கள்.

பாக்நீரிணை எழுதியது:

இருவருக்கும் நன்றி. அக்கா, பொட்டுக்கடலை மாவு சேர்ப்பது பதத்துக்கும் லைசினுக்கும் ஒருசேர உதவுகிறது என்று புரிந்துகொண்டேன். அப்பாவைப் பற்றியும், கடையில் உறைநிலையில் விற்கும் தயார்நிலை ‘சைவ இறைச்சி’ பற்றியும் யாரேனும் கூறினால் உதவியாக இருக்கும்.

தொண்டிக்காரன் எழுதியது:

பசையத்தில் மாவுச்சத்து பெரும்பாலும் கழிந்துவிடுவதால் மைதாப் பண்டங்களைப் போல அது சர்க்கரையை ஏற்றாது. ஆனால் அவருக்குச் சிறுநீரகப் பாதிப்பும் இருக்குமானால், புரதத்தின் அளவை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். தயார்நிலைப் பொட்டலங்களில் பச்சைப் புள்ளி இருப்பதை மட்டும் நம்பாதீர்கள்: அது சைவம் என்பதற்கான குறியே, பால்பொடி உள்ளே இருக்கலாம். வீகன் உணவுக்கென உணவுப் பாதுகாப்பு ஆணையம் தனிக் குறி வைத்திருக்கிறது, அதைத் தேடுங்கள். உப்பின் அளவையும் படியுங்கள், பலவற்றில் அது அதிகம்.

பசையம் உண்ணத் தொடங்கிய பின் வயிற்று உப்புசமோ கழிச்சலோ நீடித்தால், கோதுமையை நீங்களாக நிறுத்துவதற்கு முன்பே பசையத்தால் சிலரின் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய்க்கான இரத்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். நிறுத்திய பிறகு செய்தால் முடிவு சரியாக வராமல் போகலாம். இன்னொன்றும் முக்கியம்: மீனும் பாலும் தந்துகொண்டிருந்த வைட்டமின் பி12 கோதுமையிலும் இல்லை, பருப்பிலும் இல்லை. அதை மாத்திரையாகவே எடுத்தாக வேண்டும். அளவை மருத்துவரிடம் கேட்டு இந்த வாரமே தொடங்கிவிடுங்கள்.