டெல்லியில கத்துக்கிட்ட ஸ்வெட்டர் பின்னல், ரொம்ப வருஷம் கழிச்சு திரும்ப ஊசி எடுத்த கதை

ஒரே கொக்கி ஊசியால பின்ற குரோஷா பத்தி இந்த குரூப்ல நிறைய பேர் எழுதிட்டீங்க, படிக்கவே ஆசையா இருந்துச்சு. ரெண்டு ஊசி வச்சுப் பின்ற நிட்டிங் பத்தி யாரும் எழுதலையேன்னு நான் எழுதுறேன்.

நான் வளர்ந்தது டெல்லியில, ஆர்.கே.புரம் கவர்மென்ட் குவார்ட்டர்ஸ். 80கள்ல அங்க தீபாவளி முடிஞ்சா போதும், மத்தியானம் சாப்பிட்ட கையோட எல்லா வீட்டு லேடீஸும் கட்டிலை வெயில்ல இழுத்துப் போட்டு உக்காந்துடுவாங்க, மடியில வேர்க்கடலை, கையில ஊசி. பக்கத்து வீட்டு பஞ்சாபி ஆன்ட்டிதான் எனக்குக் கத்துக் கொடுத்தாங்க, அதனால இன்னைக்கும் பின்னும்போது மனசுக்குள்ள "ஏக் சீதா, ஏக் உல்டா" (ஒண்ணு நேர், ஒண்ணு எதிர்)ன்னு ஹிந்தியிலதான் ஓடும். புக்கெல்லாம் பார்க்க மாட்டாங்க. பஸ்ல முன்னாடி நிக்கிறவங்க புது டிசைன் போட்டிருந்தா முதுகைப் பார்த்தே கண்ணியை, அதான் ஊசியில விழுற நூல் வளையத்தை, எண்ணி மனசுல வச்சுக்கிட்டு வந்து அன்னைக்கு சாயங்காலமே ஒரு சாம்பிள் போட்டுப் பார்த்துடுவாங்க. அந்த மாதிரி கெட்டிக்காரங்களை நான் அப்புறம் பார்க்கவே இல்ல.

கல்யாணம் ஆகி மெட்ராஸ் வந்ததும் எல்லாம் நின்னு போச்சு. இந்த ஊர்ல ஸ்வெட்டர் யாருக்கு வேணும்? ஊசியெல்லாம் பரண்ல போயிடுச்சு, வேலை, பிள்ளைங்க படிப்புன்னு வருஷம் ஓடிடுச்சு.

கொஞ்ச நாள் முன்னாடி ஒரு கல்யாணத்துக்கு டெல்லி போக தமிழ்நாடு எக்ஸ்பிரஸ்ல ஏறினோம். காலையில வாரங்கல் தாண்டினதும் எதிர் பெர்த்ல இருந்த காலேஜ் பொண்ணு பையில இருந்து சாக்ஸ் பின்னலை எடுத்துச்சு பாருங்க, எனக்குக் கண்ணை எடுக்கவே முடியல. எங்க காலத்துல சாக்ஸ்னா ரெண்டு பக்கமும் கூரா இருக்கிற குட்டி ஊசி நாலு வேணும். இந்தப் பொண்ணு கையில ஒரே ஊசி, ரெண்டு முனைக்கும் நடுவுல நீளமா மெல்லிசா ஒரு ஒயர். கண்ணியைப் பாதிப் பாதியா பிரிச்சு, நடுவுல ஒயரை வளையமா வெளிய இழுத்து விட்டுட்டு முன் பாதியைப் பின்னி முடிச்சு, திருப்பி அடுத்த பாதி. தையலே இல்லாம சுத்தி வந்துடுது. மேஜிக் லூப்னு பேராம், யூடியூப் பார்த்துக் கத்துக்கிச்சாம். நூலை வேற இடது கையில பிடிச்சுக்கிட்டு ஊசியாலேயே கொத்தி எடுக்குது, நமக்கெல்லாம் வலது கையால நூலைச் சுத்திப் போட்டுத்தான் பழக்கம்.

அப்போ பார்த்து ஒரு கண்ணி நழுவி நாலஞ்சு வரிசை கீழ இறங்கிடுச்சு. பொண்ணு முகம் வாடிப்போய் மொத்தத்தையும் பிரிக்கப் போச்சு, நான் "கொஞ்சம் கொடும்மா"ன்னு வாங்கி, தலையில இருந்த ஹேர்பின்னை எடுத்து கீழ இருந்து ஒவ்வொரு படியா இழுத்து ஏத்தி ஊசியில மாட்டிக் கொடுத்தேன். "ஆன்ட்டி, இன்னொரு தடவை காட்டுங்க"ன்னு வேணும்னே ஒரு கண்ணியை நழுவ விட்டு அதுவே ஏத்திப் பழகிச்சு. அப்புறம் ஊசியை என் கையில கொடுத்து "நீங்க ஒரு சுத்து போடுங்க"ன்னுச்சு. நாக்பூர் வர்ற வரைக்கும் நான்தான் பின்னினேன்.

ஊருக்குத் திரும்பினதும் பரண்ல இருந்து ஊசியை இறக்கிட்டேன். என்னை மாதிரி பழைய ஊசி வச்சிருக்கிறவங்க ஒண்ணு கவனிச்சுக்கோங்க. நம்ம ஊசியில இருக்கிறது பிரிட்டிஷ் நம்பர், நம்பர் ஏற ஏற ஊசி மெலிசாகும், 8ன்னா 4 மில்லிமீட்டர், 12ன்னா 2.75. இப்போ நெட்ல வர்ற பேட்டர்ன் பாதி அமெரிக்க நம்பர்ல இருக்கு, அது நேர் எதிர், நம்பர் ஏறினா தடிமன் ஏறும், அங்க 8ன்னா 5 மில்லிமீட்டர். நம்பரை நம்பிப் பின்னினா ஸ்வெட்டர் அளவே மாறிப் போயிடும், அதனால மில்லிமீட்டரை மட்டும் பாருங்க, கூடவே ஒரு சின்ன துண்டு பின்னி 10 சென்டிமீட்டர்ல எத்தனை கண்ணி வருதுன்னு எண்ணிட்டு ஆரம்பிங்க.

சென்னை வெயில்ல அக்ரிலிக் நூல் கைக்கு ஒத்து வரல, வேர்வையில ஊசியோட ஒட்டிக்குது. காட்டன் நூலும் மூங்கில் ஊசியும்தான் சுகமா இருக்கு. ஆனா கம்பளி மாதிரி காட்டன் இழுபடாது, இறுக்கிப் பின்னினா மணிக்கட்டு வலிக்கும், கொஞ்சம் லூசா போடுங்க. ராத்திரியில கருப்பு, நேவி ப்ளூ வேண்டவே வேண்டாம், நம்ம வயசுக்குக் கண்ணி தெரியாது.

சரி, ஸ்வெட்டர் வேண்டாத ஊர்ல என்னத்தைப் பின்றதுன்னு கேப்பீங்க. நிட்டட் நாக்கர்ஸ் இந்தியான்னு ஒரு தன்னார்வக் குழு இருக்கு, மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க உள்ளாடைக்குள்ள வச்சுக்கிற மாதிரி மெத்துனு செயற்கை மார்பகத்தை காட்டன் நூல்ல கையால பின்னி, உள்ள பஞ்சு அடைச்சு இலவசமா கொடுக்கிறாங்க. கனமே இருக்காது, தோலை உறுத்தாது, துவைச்சுக்கலாம். குரோஷா தெரிஞ்சவங்களும் போடலாம். எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா ஆபரேஷனுக்கு அப்புறம் வெளிய வரவே கூச்சப்பட்டு வீட்டுக்குள்ளேயே இருந்தாங்க, அதனால இதைப் பத்திக் கேள்விப்பட்டதும் இதைத்தான் பின்னணும்னு முடிவு பண்ணிட்டேன். அவங்க சொல்ற அளவுப்படி இப்போ பழகிட்டு இருக்கேன், நுனியில கண்ணி குறைக்கிற இடம்தான் இன்னும் சீரா வரணும்.

இதைப் பின்னிக் கொடுத்து அனுபவம் இருக்கிறவங்க, எந்த காட்டன் நூல் துவைச்சும் மிருதுவாவே இருக்குன்னு சொல்லுங்களேன்.