லோக்கல்ஹோஸ்டில் திறந்தால் நேரடித் தளத்துக்கே ஓடுகிறது

பழைய மாணவன்:
எங்கள் பள்ளி முன்னாள் மாணவர் சங்கத்துக்காக வேர்ட்பிரஸ் மென்பொருளில் ஓடும் இணையதளத்தைப் புதுப்பிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. நேரடித் தளத்தில் கைவைக்கப் பயந்து, மடிக்கணினியில் எக்ஸாம்ப் (நம் கணினியிலேயே தளத்தை ஓட்டிப் பார்க்க உதவும் மென்பொருள்) நிறுவி, தளத்தின் நகலை அதில் வைத்தேன். கோப்புகள் எச்டிடாக்ஸ் கோப்புறைக்குள். தரவுத்தளம் பிஎச்பிமைஅட்மின் என்ற தரவுத்தளக் கருவி வழியாக. கான்ஃபிக் கோப்பில் பயனர் ரூட், கடவுச்சொல் வெற்று. பக்கங்களைத் தரும் அப்பாச்சியும் தரவுத்தளத்தை நடத்தும் மைஎஸ்கியூஎல்லும் பச்சை காட்டின. உலாவியில் லோக்கல்ஹோஸ்ட் (என் கணினியையே குறிக்கும் முகவரி) என்று தட்டினேன், தளம் திறந்தது, வழக்கமான கடவுச்சொல்லையும் ஏற்றுக்கொண்டது. பழைய மெனுவைத் துணிந்து அழித்தேன்.

மறுநாள் காலை ஆறரை மணிக்குச் சங்கச் செயலாளர் தொலைபேசியில்: "தம்பி, தளத்தின் தலையில் ஒன்றையும் காணோமே?" அப்போதுதான் முகவரிப் பட்டையைப் பார்த்தேன். நான் இரவு முழுக்க இருந்தது நேரடித் தளத்தில்! ஏன் அங்கே ஓடியது?

கம்பிச்சுருள்:
வேர்ட்பிரஸ் தன் முகவரியைத் தரவுத்தளத்துக்குள்ளேயே எழுதிவைத்திருக்கிறது. ஆப்ஷன்ஸ் அட்டவணையில் சைட்யூஆர்எல், ஹோம் என்று இரண்டு வரிகள் இருக்கும். இரண்டிலும் லோக்கல்ஹோஸ்ட் முகவரியை எழுதுங்கள். பிறகும் ஓடினால் குற்றவாளி உலாவி; 301 திருப்பலை ("இந்த முகவரி நிரந்தரமாக அங்கே மாறிவிட்டது" என்ற பதிலை) அது நினைவில் வைத்திருக்கும். மறைநிலைச் சாளரத்தில் திறந்து பாருங்கள்.

ஐந்துநிமிடம்:
எதற்கு இவ்வளவு? தரவுத்தளத்தின் நகலான எஸ்கியூஎல் கோப்பை நோட்பேடில் திறந்து, பழைய முகவரியை மொத்தமாக மாற்றி, மறுபடி ஏற்றிவிடுங்கள்.

கம்பிச்சுருள்:
தயவுசெய்து வேண்டாம். நான் அப்படிச் செய்துதான் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இழந்தேன். விட்ஜெட் (பக்கவாட்டில் வைக்கும் சிறு பெட்டிகள்), தீம் (தளத்தின் தோற்றம்) அமைப்புகளை வேர்ட்பிரஸ் நீளத்தோடு சேர்த்துச் சேமிக்கிறது: "27 பைட்" என்று குறித்து, பக்கத்தில் முகவரி. நோட்பேட் முகவரியை 23 பைட்டாகச் சுருக்கும், 27 அப்படியே நிற்கும். கணக்கு உதைத்ததும், வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட மொழியான பிஎச்பி அந்த அமைப்பு முழுவதையும் படிக்க மறுத்துவிடும். பிழைச்செய்திகூட வராது, விட்ஜெட் மட்டும் மாயமாகும். வேர்ட்பிரஸ்ஸைக் கட்டளை வரியில் இயக்கும் டபிள்யூபி-சிஎல்ஐ கருவியின் சர்ச்-ரீப்ளேஸ் கட்டளை, முகவரியோடு நீளத்தையும் திருத்திவிடும். முதலில் ட்ரை-ரன் (ஒத்திகை) என்ற தெரிவைச் சேர்த்து ஓட்டுங்கள். எத்தனை இடங்கள் மாறும் என்று மட்டும் சொல்லும், எதையும் தொடாது.

பழைய மாணவன்:
ஓட்டிவிட்டேன், இப்போது தளம் லோக்கல்ஹோஸ்டிலேயே நிற்கிறது. முன்னெச்சரிக்கையாக, உள்ளூர் நகலில் என் நிர்வாகப் பக்கத்தின் நிறத்தை 'சன்ரைஸ்' சிவப்புக்கு மாற்றிவைத்தேன். சிவப்பு தெரியாவிட்டால் எதையும் அழிப்பதில்லை. நேரடித் தளத்தின் மெனுவை மறுபடி கட்டிவிட்டேன். செயலாளரிடம் "பராமரிப்பு வேலை" என்று சொல்லியிருக்கிறேன்.